நாலு பேர் அறை

ஏப்ரல் 9

அப்பா இன்று லாரி டிரைவரை அடித்தார். லோடு ஏற்ற வேண்டிய வண்டி, வழியில் டயர் வெடித்து மதியத்துக்கு மேல்தான் வந்தது. டிரைவர் காரணம் சொல்ல வாயைத் திறந்தான். அப்பா தார்ப்பாய்க் கயிற்றை மடித்து அவன் முகத்திலேயே வீசினார். நான் ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். உள்ளே வந்தவர், "ஏட்டி, அந்த ஃபேனைக் கூட்டி வை" என்றார். மூச்சுக்கூட வாங்கவில்லை.

எங்கள் வீட்டில் அடி என்பது வெயில் மாதிரி. இன்று கூடுதல், நேற்று பரவாயில்லை என்று பேசிக்கொள்ளலாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனர்ஸ் அறிவிப்பு வந்துவிட்டது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகம், முதலாம் ஆண்டு முடித்தவர்களிலிருந்து முப்பது பேரை மட்டும் எடுத்து, கணினி அறிவியலைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறது. மதிப்பெண் போதாது. எழுத்துத் தேர்வு, சொந்தமாகச் செய்த ஒரு நிரல், நேர்காணல். சிவகாசியில் பி.எஸ்சி. முதலாம் ஆண்டை முடிக்கப்போகிறவள் இந்த வீட்டை விட்டுக் கல்யாணம் செய்துகொள்ளாமல் வெளியேற, வேறு வாசல் எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம் குடித்ததும் கையெழுத்து.

பட்டாசுக் கம்பெனியின் லைசன்ஸ் இதுவரை அம்மா பேரில். பழைய விபத்து ஒன்றில் அம்மா மேல் வழக்கு நடப்பதால் இனி அந்தப் பேர் ஆகாதாம். எனக்குப் பத்தொன்பது ஆகிவிட்டது, அதனால் என் பேர். "கேட்டுக்குள்ளயே போகாதவங்க பேருதான் இங்க போர்டுல இருக்கும். நீ ஒண்ணும் புதுசு இல்லே" என்றான் அண்ணன் ஹரிபிரசாத். அம்மா மூடியைக் கழற்றிப் பேனாவைக் கொடுத்தாள்.

போட்டேன். போட்டுவிட்டு, ஆனர்ஸுக்கு விண்ணப்பிக்கட்டுமா என்று கேட்டேன். அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். "எழுது. கிடைச்சாப் பாப்போம்."

இது பேரமா? பேரம்தான். எனக்கு அப்போது லாபமாகத் தோன்றியது.

ஏப்ரல் 27

நிரல் ஓடுகிறது.

கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்கும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அது சட்டம். யார் எந்த அறை, எந்த ஆர்டர் என்று போர்மேன் கண்ணுச்சாமி தினமும் மனக்கணக்காகப் பிரித்து விடுவார். இனி அதை என் நிரல் செய்யும். ஒவ்வொருவரின் வேகமும் ஆர்டர் போக வேண்டிய தேதியும் கொடுத்தால் போதும், காலையில் அவர் போனுக்குப் பட்டியல் போய்விடும்.

"அப்ப எனக்கு வேலை போயிருமா பாப்பா?" என்றார் கண்ணுச்சாமி.

"ஒமக்கு எங்க வேலை இருந்துச்சு, போறதுக்கு" என்றார் மருந்து அறையில் வேலை செய்யும் பாண்டிலட்சுமி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

பாண்டிலட்சுமி அக்காவுக்குக் கை அத்தனை வேகம். எப்படிக் கணக்கிட்டாலும் நிரல் அவரை மருந்து அறைக்கே அனுப்புகிறது. "உங்க மெஷினுக்கு எம்மேல அம்புட்டுப் பிரியம்" என்றார்.

ஆனர்ஸுக்கு இதைத்தான் அனுப்பப்போகிறேன்.

மே 11

அண்ணனுக்கு நிரல் பிடித்துவிட்டது. ஒன்றைத் தவிர.

"நாலு பேரை உக்கார வச்சுக்கிட்டு நான் பூப்பறிக்கவா? வடக்க இருந்து ஆர்டர் கழுத்தை நெரிக்கி. எட்டாக்கு."

சட்டம் என்றேன்.

"சட்டப்படி பாத்தா இந்த ஊரை விட்டு ஒரு புஸ்வாணம் வெளிய போவாது." கீபோர்டைப் பிடுங்கி மேசையில் ஓங்கி அடித்தான். இரண்டு எழுத்துகள் தெறித்து விழுந்தன. அதைப் பொறுக்கும்போது என் தலையில் லேசாக ஒரு தட்டு. அவனுடைய அளவுக்கு அது லேசுதான்.

நான் எட்டாக்கவில்லை. எழுதி வைக்கிறேன்: நான் எட்டாக்கவில்லை. நல்ல நிரலில் எண்களை உள்ளே புதைக்கக் கூடாது, பயன்படுத்துகிறவர் மாற்றும்படி வெளியே வைக்க வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. நாலை உள்ளேயிருந்து எடுத்து, திரையில் ஒரு கட்டமாக வைத்தேன். 'ஓர் அறைக்கு எத்தனை பேர்?' கட்டத்தில் நாலுதான் இருக்கிறது. சரியான வேலை. சுத்தமான வேலையும்கூட.

மே 12

அண்ணன் எட்டு என்று அடித்தான்.

மே 30

நிரல் காட்டும் உற்பத்தியை வரைபடம் போட்டுப் பார்த்தேன். மே பன்னிரண்டுக்குப் பிறகு கோடு செங்குத்தாக ஏறுகிறது. தீபாவளி ஆர்டர் நினைத்ததற்கு வெகு முன்னாலேயே முடியும். பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கையால் ஆன ஒன்று இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

கண்ணுச்சாமி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "பாப்பா, ஆறாம் நம்பர் ரூமுக்கு இன்னமும் எட்டுப் பேருன்னே வருது. மெஷின் தப்பாப் போட்டிருக்கா? கொஞ்சம் பாருங்க தாயி."

கேட்டேன். பதில் போடவில்லை. என்ன போடுவது? மெஷின் தப்பாகப் போடவில்லை.

அண்ணனிடம் மட்டும் சொன்னேன், இப்படிக் கேட்கிறார் என்று. அவன் எழுந்து போனான். திரும்பி வந்தபோது கண்ணுச்சாமியின் சட்டைப் பட்டன்கள் ஆபீஸ் படியில் கிடந்தன. அவர் வயது அப்பாவை விட அதிகம். சட்டையை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஆறாம் நம்பர் அறையைப் பார்க்க நடந்து போனார்.

ஜூன் 16

விண்ணப்பம் அனுப்பியாயிற்று. வரைபடத்தையும் சேர்த்தேன். எட்டு என்ற எண் வரைபடத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. மறைக்கவில்லை. சொல்லவும் இல்லை.

ஜூன் 28

மதுரையில் எழுதிய தேர்வில் தேறிவிட்டேன். நேர்காணலுக்கு அழைப்பு. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "அப்பா சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றாள்.

ஜூலை 2

முதலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அப்புறம்தான் சத்தம்.

இந்த ஊரில் சத்தம் கேட்டால் யாரும் ஓட மாட்டார்கள். வாசலுக்கு வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். அவரவர் ஆட்கள் வேலை செய்கிற திசை இல்லையென்றால் உள்ளே போவார்கள். நானும் மாடியேறிப் பார்த்தேன். எம். புதுப்பட்டிப் பக்கம். எங்கள் கம்பெனிப் பக்கம்.

ஸ்கூட்டரில் போனேன். ஏன் போனேன்?

ஆறாம் நம்பர் அறை இல்லை. சுவர் இருந்த இடத்தில் கருப்பு. செங்கல் ஒவ்வொன்றும் புகைந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தில் சேலைத் துண்டு, அதோடு ஒட்டிக்கொண்டு இன்னும் ஏதோ. ஒருத்தர் ஓடி வந்தார், உடம்பில் துணி இல்லை, தோல் துணி மாதிரித் தொங்கியது. தண்ணி தண்ணி என்றார். ஊற்றாதீங்க என்று யாரோ கத்தினார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு இல்லை. கண்ணுச்சாமி கருகிய கையோடு உள்ளே போய்ப் போய் வந்தார். சாக்கில் அள்ளினார்கள். சாக்கில்.

எட்டுப் பேர் இருந்திருக்கிறார்கள். ஆறு பேர் செத்துப்போனார்கள். பாண்டிலட்சுமி அக்கா என்று கால் தழும்பை வைத்துத்தான் சொன்னார்கள்.

நாலு பேர் இருந்திருந்தால் என்று கணக்குப் போடுகிறேன். நிறுத்த முடியவில்லை. போர்களைப் பற்றி எத்தனை படித்திருக்கிறேன். அதிலெல்லாம் சாவு ஓர் எண்ணாக வரும், நான் பக்கத்தைப் புரட்டுவேன்.

ஜூலை 3

அப்பாவும் அண்ணனும் நேற்றே காரில் போய்விட்டார்கள். முன்ஜாமீன் கிடைக்கும் வரை முதலாளிகள் ஊரில் இருப்பதில்லை, அது இங்கே வழக்கம்.

வீட்டில் நானும் அம்மாவும். காலையில் கல் விழ ஆரம்பித்தது. முன் ஜன்னல் எல்லாம் போயிற்று. அம்மா சாமி அறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கதவைத் திறந்தேன்.

முன்னால் நின்றது சினேகா, பாண்டிலட்சுமி அக்காவின் மகள். என் வயதுதான். செருப்பைக் கழற்றி என் வாயில் அடித்தாள். "எங்கம்மா எங்கட்டி? முழுசா எடுத்துக் குடு. முழுசாக் குடுங்க, நாங்க போயிருதோம்." மறுபடி அடித்தாள். பல் உதட்டைக் கிழித்தது. மூன்றாவது முறை ஓங்கிய கை அப்படியே நின்றது. வாசல்படியிலேயே உட்கார்ந்து மண்ணில் தலையை மோதினாள். அவளைத் தூக்க வந்தவர்கள் என்னைத் தாண்டி உள்ளே போய் டிவியை, பீரோவை, பாத்திரத்தை எல்லாம் உடைத்தார்கள்.

நான் நகரவில்லை. வலித்தது. போதவில்லை.

ஜூலை 7

குற்றாலத்தில் அப்பாவின் சித்தப்பா வீடு. எல்லோரும் இங்கே இருக்கிறோம். சாரல். குளிக்க வந்தவர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

வக்கீல் வந்திருந்தார். முதல் தகவல் அறிக்கையில் முதல் பெயர் நான், லைசன்ஸ் வைத்திருப்பவர். இரண்டாவது கண்ணுச்சாமி. அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்துவிட்டார்கள். அப்பா பெயரும் அண்ணன் பெயரும் இல்லை.

"பாப்பா படிக்கிற பிள்ளை. ஆனர்ஸ் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்காங்க, அதையே காட்டி முன்ஜாமீன் வாங்கிருவோம்" என்றார் வக்கீல். "கூடுதலா ஆளை உக்கார வச்சது போர்மேன். முதலாளி வீட்டுக்கு அது தெரியவே தெரியாது. அம்புட்டுத்தான் கேஸு."

அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவை.

ஜூலை 10

அண்ணனுக்கு இன்று மண்டையில் உறைத்திருக்கிறது. "ஏய், அந்தக் காலேஜுக்கு என்னத்தை அனுப்பிச்சே?"

காட்டினேன். வரைபடத்தின் ஓரத்தில் எட்டு. மே பன்னிரண்டு தேதி. அறை எண்கள்.

என் வலது கை விரல்களைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். சுண்டுவிரலில் ஏதோ முறிகிற சத்தம், அல்லது எனக்கு மட்டும் கேட்டது. இடது கைக்குப் பித்தளைச் செம்பு அகப்பட்டது. அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் அவன் கண்ணுக்குள் வழிந்தது. இன்னொரு முறை அடித்தேன், தேவையில்லாமல். எனக்கு அது பிடித்திருந்தது. எழுதி வைக்க வேண்டும், பிடித்திருந்தது. இந்த வீட்டின் ரத்தம்தான் எனக்குள்ளும் என்று தெரிந்துகொண்டேன்.

அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அதை எழுதவில்லை.

பிறகு அம்மா மஞ்சள் பத்துப் போட்டாள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள், "திருத்தித் திருப்பி அனுப்பலாம்னு அந்த அப்ளிகேஷன்ல இருக்காமே. எட்டை நாலாக்க எம்புட்டு நேரமாகும்? ஆக்கிட்டு நீ உன் படிப்பைப் பாக்கப் போ. நான் போட்ட கையெழுத்துக்கு எனக்கு என்ன கிடைச்சுது. உனக்கு சென்னையாவது கிடைக்கும்."

அவள் என்னை அடித்ததே இல்லை.

ஜூலை 11

மாற்றினேன். இடது கையால். அண்ணன் கட்டுப் போட்ட தலையோடு பின்னால் நின்றான். கட்டத்தில் எட்டை அழித்து நாலு. நிரல் ஓடியது. கோடு படுத்துவிட்டது. ஆர்டர் தீபாவளிக்கு முடியாது என்று காட்டியது.

'திருத்திய வடிவத்தை அனுப்பு.' அனுப்பினேன்.

அடிக்குப் பயந்தா? சென்னைக்காகவா? இரண்டும் என்று சொன்னால் பாதிப் பொய். சென்னைக்காக.

ஜூலை 17

முன்ஜாமீன் கிடைத்தது. கண்ணுச்சாமிக்கு ஜாமீன் தள்ளுபடி.

ஜூலை 21, சென்னை

நேர்காணல் முடிந்தது.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அம்மா, தலை முழுக்க நரை, என் விண்ணப்பத்தைத் திரையில் வைத்திருந்தார். இரண்டு வரைபடங்களும் பக்கத்தில் பக்கத்தில். திருத்தி அனுப்பினால் பழையது அழிந்துவிடும் என்று நினைத்திருந்தோம். நானுமே. கணினி படிக்க வந்தவள்.

"எல்லாரும் முடிவை இன்னும் நல்லா ஆக்கித்தான் திருப்பி அனுப்புவாங்க. நீங்க மோசமாக்கி அனுப்பியிருக்கீங்க. ஏன்?"

தயாரித்துக்கொண்டு வந்த பதில் ஒன்று இருந்தது, தரவில் பிழை என்று. வாய் திறந்ததும் வேறு வந்தது.

"முதல் படத்துல ஓர் அறைக்கு எட்டுப் பேர் மேடம். ரெண்டாவதுல நாலு."

"எது உண்மையான தரவு?"

"முதலாவது."

"அந்தத் தொழிற்சாலை இப்பவும் இப்படித்தான் நடக்குதா?"

"அந்த அறை இப்ப இல்லை."

ஆறு பேரின் பெயரையும் சொன்னேன். யாரும் கேட்காமல், நானாக. எண்ணை ஏன் கட்டமாக வெளியே வைத்தேன் என்பதையும் சொன்னேன். ஒருவர் பேனாவை மேசையில் வைத்தார். அந்த அம்மா என் விரல் கட்டைப் பார்த்தார்.

"இதை இங்க சொல்லிட்டீங்க. அங்க சொன்னீங்களா?"

"இல்லை."

"சரி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வழக்கமான கேள்விகள். நிரல் எப்படித் தேடுகிறது, ஆட்கள் ஆயிரமானால் என்ன ஆகும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

ஜூலை 22

ரயில் விருதுநகர் வந்ததும் இறங்கினேன். குற்றாலம் போகவில்லை. சிவகாசி பஸ் ஏறி, வழக்கை விசாரிக்கிற இன்ஸ்பெக்டரிடம் லேப்டாப்பை வைத்தேன். கண்ணுச்சாமியின் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். 'கொஞ்சம் பாருங்க தாயி.' அறையில் இருந்த எல்லாரும் கேட்டார்கள்.

"லைசன்ஸ் உன் பேர்ல இருக்கும்மா. இதைச் சொன்னா முன்ஜாமீன் நிக்காது. தெரிஞ்சுதான் பேசுறியா?"

தெரியும் என்றேன். பாதிதான் தெரிந்திருந்தது.

ஜூலை 25

அப்பாவையும் அண்ணனையும் பிடித்துவிட்டார்கள். கோர்ட் வராந்தாவில், போலீஸ்காரர் பிடித்திருந்த கையை உதறிவிட்டு, அப்பா என்னை அடித்தார். கன்னத்தில், காதோடு. சுற்றி அத்தனை பேர். நான் விழவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது.

அம்மா தூணுக்குப் பின்னால் நின்றாள். அப்பாவிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 12

இடையில் முன்ஜாமீன் ரத்தாகி மதுரை, பெண்கள் சிறை. எழுத முடியவில்லை. இடது காது சரியாகக் கேட்கவில்லை.

நேற்று ஜாமீன். கல்லூரியில் பாடம் எடுத்த மேடம் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு எடுத்தார்கள். வழக்கு முடியும் வரை மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது. தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து. வீட்டுக்குப் போகவில்லை, விருதுநகரில் ஒரு பெண்கள் விடுதி. பக்கத்துக் கட்டில்காரி நூற்பாலையில் வேலை செய்கிறாள். நான் யார் என்று கேட்கவில்லை.

போனைத் திறந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். தேர்வாகியிருக்கிறேன். முப்பதில் ஒருத்தி. பதினெட்டாம் தேதி நேரில் வந்து சேர வேண்டும்.

படித்துவிட்டு முகம் கழுவினேன்.

ஆகஸ்ட் 14

வக்கீல் போன் செய்தார், அப்பாவின் வக்கீல். ஸ்டேஷனில் பயமுறுத்தியதால் அப்படிச் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தால், கையெழுத்துப் போடுகிற இடத்தைச் சென்னைக்கு மாற்றித் தரலாமாம். "படிப்பு முக்கியம்ல பாப்பா? அப்பாவே சொல்லச் சொன்னாரு."

போனை வைத்துவிட்டு விடுதிச் சுவரில் கையால் குத்தினேன். அதே விரல். மறுபடி வீங்கிவிட்டது.

ஆகஸ்ட் 18

இன்று அங்கே முதல் நாள்.

ஸ்டேஷன் பெஞ்சில் கண்ணுச்சாமி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நேற்று ஜாமீன், அவருக்கும் இதே ஸ்டேஷன். கையில் கட்டு இன்னும் இருக்கிறது. நான் நின்றேன்.

"படிக்கப் போகலையா?" என்றார். தாயி என்று சொல்லவில்லை.

"போக முடியாதுண்ணே."

"ம்." வாசல் பக்கம் திரும்பினார். "இப்பச் சொன்னீக. நான் கேட்டன்னைக்குச் சொல்லியிருந்தா, பாண்டிலட்சுமி இந்நேரம் என்னைக் கேலி பண்ணிக்கிட்டு இருந்திருக்கும்."

ஆமாம் என்றேன்.

அவரைக் கூப்பிட்டார்கள். கட்டுப் போட்ட கையால் மெதுவாக எழுதிவிட்டு, என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

என் முறை. ஸ்டேஷன் ரைட்டர் புது நோட்டில் எனக்கொரு பக்கம் திறந்து கேட்டுக்கேட்டு எழுதினார். பெயர், வயது, தகப்பன் பெயர். தொழில் என்ற இடத்தில் நின்று நிமிர்ந்தார். மாணவி என்றேன். வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவர் குனிந்து எழுதினார்: பட்டாசு ஆலை உரிமையாளர்.

நான் திருத்தச் சொல்லவில்லை. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.